நூற்றுக்கு நூறு பச்சை

பிள்ளை பெற்றவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பிள்ளையைப் பற்றித்தான் கேட்பார்கள். எடை எவ்வளவு, யார் ஜாடை, ராத்திரி தூங்குகிறதா, பால் ஒழுங்காகக் குடிக்கிறதா. பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனைக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தையல் பிரிந்திருக்கலாம். காய்ச்சல் கொதித்துக்கொண்டிருக்கலாம். கேட்டால்தானே சொல்வதற்கு.

இது படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. காலேஜ் முடித்ததும் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் டிஸ்சார்ஜ் சீட்டு அடிக்கும் வேலை கிடைத்தது. என் மேசையைத் தாண்டித்தான் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். கையசைத்துவிட்டுப் போன பெண்ணை அடுத்த வாரமே ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கூட வந்தவர்களைக் கேட்டால், "நல்லாத்தானே இருந்தா" என்பார்கள். ஒரு வார்த்தை கேட்காமல் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது அவள் நல்லாத்தான் இருந்தாள் என்று? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான் என் கம்பெனி. பேட்டி எடுக்க வருகிறவர்கள் இதைக் 'கனவு' என்று எழுதிக்கொள்கிறார்கள். எழுதிக்கொள்ளட்டும். எனக்கு வந்தது கோபம்.

கம்பெனி என்றால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று பேர். நான். கூடப் படித்த என்ஜினியர். கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவன் பொறுப்பு. அப்புறம் நர்ஸ் அக்கா. அதே பிரசவ வார்டில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, யாரோ ஒரு சூப்பர்வைசரை வாயாரத் திட்டிவிட்டு வெளியே வந்தவர். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

எங்கள் ஆப் செய்வது ஒரே ஒரு காரியம். பிரசவமாகி வீட்டுக்குப் போன பெண்ணிடம் தினமும் காலையில் போனில் கேட்கும்: இன்று எப்படி இருக்கிறீர்கள்? கீழே இரண்டு பொத்தான். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் உதவி வேண்டும். சிவப்பை அமுக்கினால் நர்ஸ் அக்காவின் போன் அடிக்கும். அவர் கூப்பிட்டுப் பேசி, தேவைப்பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புவார். அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொண்டு நான் ஏறாத மருத்துவமனைப் படி இல்லை. பெரும்பாலான இடத்தில் காபி கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். கடைசியில் நான் சீட்டு அடித்த அதே மருத்துவமனைதான் கதவைத் திறந்தது. பிரசவப் பிரிவின் பெரிய டாக்டரம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் நிர்வாகி.

"முதல்ல ஒரு இடத்துல ஓட்டிக் காட்டுங்கம்மா," என்றார் அவர். "ஒழுங்கா வந்தா எங்க வார்டு முழுக்க உங்களுக்குத்தான். வரலைன்னா நன்றி, வணக்கம்."

இந்த ஒன்று கைநழுவினால் அந்த இரண்டு அறையையும் காலி செய்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். மூன்று பேருக்கும் அது தெரியும். அதனால் தெரிந்த இடமாகப் பார்த்து, நான் பிறந்து வளர்ந்த குடியிருப்பையே சொன்னேன். மில் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகள். ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். எந்த மாதமும் ஏதாவது ஒரு வீட்டில் குழந்தை அழும் சத்தம் புதிதாகக் கேட்கும்.

அந்தக் குடியிருப்பிலேயே டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அதனால் அங்கே என் பெயரே டிகிரி. "டிகிரி போகுது பாரு." "டிகிரி, இந்தப் போன் ஏன் சூடாகுது, பாத்துச் சொல்லு." அம்மா ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துக் கை மரத்துப்போயிருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு, ஆப் வந்த முதல் நாளே வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். என் பொண்ணு கம்பெனி, எல்லாரும் சேருங்க என்று. மறுக்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? அத்தனை பேரும் சேர்ந்தார்கள். அதற்கு முந்தின மாதம் பெண் குழந்தை பெற்ற என் அண்ணியும் சேர்ந்தாள்.

வந்ததெல்லாம் பச்சை. முதல் நாள் பச்சை, மறுநாள் பச்சை, வாரம் முழுக்க, மாதம் முழுக்கப் பச்சை. என்ஜினியர் திரையைத் திருப்பிக் காட்டி, "வயல் மாதிரி இருக்கு பாரு," என்றான். எனக்குத் தலை கால் புரியவில்லை. நர்ஸ் அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"என் போன் செத்துப்போச்சோன்னு உங்க ரெண்டு பேர் போன்ல இருந்தும் எனக்கு நானே ரிங் விட்டுப் பார்த்துட்டேன்," என்றார். "நல்லாத்தான் அடிக்குது. இத்தனை பொண்ணுங்கள்ள ஒருத்திக்குக் கூடவா ஒண்ணும் வரல?"

"நல்லா இருக்காங்கக்கா. நல்லா இருந்தா சந்தோஷப்படுங்களேன்."

"பிரசவ வார்டுல இருந்தவ நான். இவ்வளவு சந்தோஷத்தப் பார்த்ததில்ல."

அப்போது அதை நான் காதில் வாங்கவில்லை.

நிர்வாகியோடு கூட்டம் வைத்திருந்ததற்கு முந்தின நாள் மத்தியானம். கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் துணியை அம்மா ஹோட்டலிலேயே இஸ்திரி போட்டு வீட்டில் மாட்டி வைத்திருந்தாள். அதை எடுக்கப் போனேன். அண்ணன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். சாயங்கால ஷிஃப்ட்.

"வாங்க டிகிரி மேடம். நாளைக்குக் கையெழுத்தாமே. எங்களையெல்லாம் அப்புறம் அடையாளம் தெரியுமா?"

"உன்னை இப்பவே தெரியல. அண்ணி எங்கே?"

"தூங்கறா. எழுப்பாத."

பாப்பா உள்ளே வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இந்த அழுகையில் எந்தத் தாய் தூங்குவாள்? உள்ளே போனேன். அந்த வெக்கையில் அண்ணி இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். அப்படிச் சுட்டது.

"ஒண்ணுமில்ல," என்றாள். "பால் கட்டிக்கிச்சு. அவ்வளவுதான். வெந்நீர் ஒத்தடம் குடுத்தா போயிடும்."

ஒத்தடத்துக்குப் போகிற கட்டம் தாண்டிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இடது மார்பு கல்லாக இறுகி, ஒரு பக்கம் தோல் சிவந்து பளபளத்தது. தொடாமலே அவள் முகம் கோணியது.

"எத்தனை நாளா அண்ணி?"

"மூணு நாளா இருக்கும்."

என் போனை எடுத்தேன். கம்பெனிக்காரி என்பதால் எல்லார் விவரமும் எனக்குத் தெரியும். அண்ணியின் வரிசையைத் தேடினேன். முந்தாநாள் பச்சை. நேற்று பச்சை. இன்றைக்குக் காலையிலும் பச்சை.

வெளியே வந்தேன். ஆப் போட்ட போன் அண்ணன் சட்டைப் பையில் இருந்தது. அந்த வீட்டுக்கே அது ஒன்றுதான் நல்ல போன்.

"யாரு அமுக்கினது?"

"எத?"

"பச்சைய."

"நான்தான். தினமும் வேலைக்குக் கிளம்பறதுக்குள்ள மறக்காம அமுக்கிடுவேன்." பெருமையாகச் சொன்னான்.

"உள்ள அவங்க காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டுக் கிடக்கறாங்க. நீ நலம்னு அமுக்கியிருக்கே."

"பின்ன எத அமுக்கறது? நம்ம வீட்டுல இருந்தே சிவப்பு போனா நல்லாவா இருக்கும்? தங்கச்சி கம்பெனிக்குச் சொந்த அண்ணனே ஃபெயில் போட்டான்னு பேச்சு வரும்."

"ஃபெயிலா?"

"சிவப்புன்னா ஃபெயில்தானே. என் மார்க் சீட்டு பூரா சிவப்பு மைதான். எனக்குத் தெரியாதா?"

அதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அத்தை கதவோரம் வந்து நின்றாள். நிஜ அத்தை இல்லை. ஒரே சுவர் என்பதால் அத்தை. அவள் மகளுக்கும் அப்போதுதான் பிரசவமாகியிருந்தது.

"என்ன டிகிரி, அண்ணன் கூட வம்பா? உங்கம்மா சொன்ன மாதிரி எங்க வீட்டுல நாங்க கரெக்டா பச்சைதான். பொண்ணு மறந்தாலும் நான் விடறதில்ல. உனக்கு நூத்துக்கு நூறு வரணும்ல."

அந்த வாசலில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. திரையில் நான் பார்த்து மயங்கியது எந்தப் பெண்ணின் உடம்பும் இல்லை. குடியிருப்பே சேர்ந்து எனக்குத் தாள் திருத்தி மார்க் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் பாதியில் நின்ற ஜனங்கள், தங்களில் ஒருத்தி பரீட்சைக்குப் போயிருக்கிறாள் என்று, அவளுக்கு ஒரு மார்க் கூடக் குறையவிடாமல் காவல் காத்திருக்கிறார்கள். யாரை அடிப்பது? யாரைக் கட்டிக்கொள்வது?

அண்ணியை அதே மருத்துவமனையில் சேர்த்தோம். நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எல்லாருக்கும் இப்பவே போன் போடுங்கக்கா," என்றேன்.

"போட்டா எடுக்கறது யாரு? அதே அண்ணனும் அதே அத்தையும்தான். நல்லா இருக்கோம்பாங்க. நீ உங்க அண்ணியப் பாரு. நான் நேராவே வீடு வீடாப் போறேன். இன்னிக்கு முடியாதது நாளைக்குக் காலையில."

வேலை முடித்து அம்மா நேரே வார்டுக்கு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து இரக்கப்பட எனக்கு நேரமில்லை.

"ஓட்டுக் கேக்கற மாதிரி பச்சைய அமுக்குங்கன்னு போய்ச் சொன்னியா?"

"ஓட்டுன்னா ஒரு தடவைதானே. நான் தினமும்ல போனேன்," என்றாள் அம்மா.

அண்ணி படுத்தபடியே சிரிக்கப் பார்த்து, வலியில் நிறுத்திக்கொண்டாள். அம்மா போன பிறகு கேட்டேன்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணி. வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சொன்னேனே, உங்க அண்ணன்கிட்ட. நாளைக்கழிச்சு மீட்டிங், அது முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாரு." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நானும் சரின்னுதான் சொன்னேன். எனக்கு மட்டும் உன் கம்பெனி மேல ஆசை இருக்காதா?"

பிள்ளை பெற்றவளை யாரும் கேட்பதில்லை என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவள் நான். என் வீட்டில், என் பெயரால், ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு காய்ச்சலில் கிடந்திருக்கிறாள்.

காலையில் கீறிச் சீழை எடுத்தார்கள். ஆபத்து நீங்கிவிட்டது, ஆனால் இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்று வார்டு டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே நிர்வாகியின் அறை. படியில் என்ஜினியர் காத்துக்கொண்டு நின்றான். முதல் தடவையாகச் சட்டையை உள்ளே விட்டிருந்தான். நான் சொல்லப்போவதைச் சொன்னேன்.

"இப்ப வாயத் திறந்தா நம்ம கதை முடிஞ்சுது," என்றான். "கையெழுத்து ஆகட்டும். அடுத்த வாரமே எல்லாத்தையும் சரி பண்ணிடலாம். நான் ராப்பகலா உக்காந்து பண்றேன், சத்தியமா."

"அடுத்த வாரம் வரைக்கும்?"

"ஒரு வாரம்தானேடி."

"மேல போய் எங்க அண்ணிகிட்டச் சொல்லு, ஒரு வாரம்தானேன்னு."

ஆனாலும் அவன் கூடவே உள்ளே வந்தான். அதற்காக அவனுக்கு ஆயிரம் மன்னிக்கலாம்.

நிர்வாகி எங்களைப் பார்த்ததுமே எழுந்து நின்றார். ஒப்பந்தம் மேசையில் தயாராக இருந்தது. பேனா மூடி கூடக் கழற்றியிருந்தது. பெரிய டாக்டரம்மா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்மா. ஒரு மாசமா ஒரு சிவப்பு கூட இல்ல. எங்க பிரசவப் பிரிவுக்கு இதைவிட நற்சான்று வேணுமா? அடுத்த விளம்பரத்துலயே போட்டுடலாம்."

"அது பொய் சார்," என்றேன்.

"எது?"

"பச்சை. பூராவும்."

அவர் என்ஜினியரைப் பார்த்தார். "மெஷின்ல ஏதாவது..."

"மெஷின் ஒழுங்கா வேலை செஞ்சுது சார். எங்க ஜனங்கதான் எனக்கு மார்க் போட்டுட்டாங்க." எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் அமுக்கியது, அத்தை அமுக்கியது, அம்மா வீடு வீடாகப் போனது. சுருக்கிச் சொல்லவில்லை, பூசி மெழுகவும் இல்லை.

நிர்வாகி நான் நினைத்தது போலக் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அட, இவ்வளவுதானா? அது உங்க சொந்தபந்தம். பாசத்துல அமுக்கிட்டாங்க. எங்க வார்டுக்கு வர்றவங்க எல்லாரும் உங்க சொந்தக்காரங்களா? அவங்க உண்மைய அமுக்குவாங்க. கையெழுத்துப் போடுங்க."

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் பேசாமல் இருந்தால் போதும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று, அவரே பரவாயில்லை என்கிறார்.

"அமுக்க மாட்டாங்க சார்," என்றேன். "எங்க குடியிருப்புல எனக்காகப் பச்சைய அமுக்கினாங்க. மத்த இடத்துல மாமியார் வீட்டு மானத்துக்காக அமுக்குவாங்க. லீவு போட வேண்டி வருமேன்னு புருஷன் அமுக்குவான். எதுக்கு எல்லாரையும் தொந்தரவு பண்ணணும்னு அவளே அமுக்குவா. பச்சைய அமுக்க ஆயிரம் காரணம் இருக்கு. சிவப்ப அமுக்க ஒரே காரணம்தான், அவ உடம்பு. அந்த உடம்புக்காரி கையில போனே இல்ல. இதுல கையெழுத்துப் போட்டா, யாரும் கேக்காம இருந்ததே மேல்னு ஆயிடும். கேட்டோம், நல்லா இருக்கேன்னு அவளே சொன்னான்னு எழுத்துல வந்துடும்."

அப்போது என் போன் அடித்தது. நர்ஸ் அக்கா. அவர் வீண் பேச்சுக்குக் கூப்பிடுகிறவர் இல்லை என்பதால் அங்கேயே எடுத்தேன்.

"பக்கத்து வீட்டு அத்தை பொண்ணு," என்றார் அவசரமாக. "ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு. கெண்டைச் சதையத் தொட்டாலே அலறுது. நடந்து நடந்து வந்த வீக்கம்னு வீட்டுல எண்ணெய் போட்டு நீவிக்கிட்டு இருக்காங்க."

பெரிய டாக்டரம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "நீவறத முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. ரத்தம் கட்டியிருந்தா அது நகர்ந்து நெஞ்சுக்குப் போயிடும். நடக்க விடாதீங்க, தூக்கி வண்டியில வெச்சுக் கூட்டிட்டு வாங்க. நான் கீழ வந்து நிக்கறேன்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்ஜினியரிடம் கேட்டார். "இந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு என்ன கலர்?"

அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். அவசியமே இல்லை.

"பச்சை மேடம்."

டாக்டரம்மா ஒப்பந்தத்தை எடுத்து மடித்து, நிர்வாகியின் மேசையிலிருந்து தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும்," என்றார். என்னைப் பார்த்தார். "நீங்க இதைச் சரி பண்ணிட்டு வாங்க. அந்தக் குடியிருப்புல இருந்து ஒரு நிஜமான சிவப்பு வந்த அன்னிக்கு நானே கூப்பிடறேன். வரலைன்னா நீங்களும் வராதீங்க."

அத்தை மகளுக்குக் காலில் ரத்தம் கட்டித்தான் இருந்தது. நகர்வதற்குள் மருந்து ஏறிவிட்டது. அத்தை வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நல்லதுன்னுதானே அமுக்கினேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். திட்டலாம் என்று போனவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

டயர் கடை மேலே நாங்கள் மூன்று பேரும் கத்திக்கொண்ட சத்தத்தில், கீழே டயர்காரர் ஒருமுறை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முதலில் கலரைத் தூக்கினோம். பச்சை, சிவப்பு இருக்கும்வரை பாஸ், ஃபெயில் இருக்கும். அடுத்து பொத்தானைத் தூக்கினோம். பொத்தானை யார் விரலும் அமுக்கும். போன் அடிக்க வேண்டும், ஒரு குரல் பேச வேண்டும், பெற்றவள் தன் குரலில் பதில் சொல்ல வேண்டும். காய்ச்சல் உண்டா, கால் வலிக்கிறதா, ரத்தப்போக்கு எப்படி என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'நலமா' என்ற கேள்வியே கூடாது. அதற்குப் பழக்கதோஷத்தில் நலம் என்றுதான் பதில் வரும்.

குரலுக்கு ஒரு அறிவிப்பாளரைப் பிடித்துப் பதிவு செய்தோம். தேன் ஒழுகும் குரல். 'வணக்கம். தாங்கள் அன்னையா அல்லது உறவினரா?' வார்டில் அண்ணியிடம் போட்டுக் காட்டினேன்.

"ரயில் எந்த மேடைக்கு வருது?" என்றாள் அண்ணி.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"இதக் கேட்டு உங்க அண்ணன் போனக் குடுப்பாரா? கம்பெனி விளம்பரம்னு கட் பண்ணிடுவாரு. இங்க குடு." போனை வாங்கி வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டாள். மடியில் பாப்பா. "யாரு பேசறது? பெத்தவங்களா, வேற ஆளா? வேற ஆளுன்னா நீங்க பேச வேணாம். போன அவங்க கையில குடுங்க. நான் வெயிட் பண்றேன்."

கூட வந்திருந்த என்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "அண்ணி, இன்னொரு தடவை சொல்லுங்க," என்று தன் போனில் பதிவு பொத்தானை அழுத்தினான். பின்னால் பாப்பா சிணுங்கியது. அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டான். கையை வெட்டுவேன் என்றேன்.

மிச்சம் இருந்தது குடியிருப்பு. கூட்டம் போட்டுப் பேசலாம் என்று நான் தயாரானேன். அம்மா வேண்டாம் என்றாள்.

"பச்சைன்னு சொன்னது நான். மாத்திச் சொல்ல வேண்டியதும் நான்தான்."

மறுபடி வீடு வீடாகக் கிளம்பினாள். பின்னாலேயே போய் ஒட்டுக் கேட்டேன். "உடம்பு முடியலைன்னா மறைக்காதீங்க. நல்லா இருக்கேன்னு பொய் சொன்னா என் பொண்ணு ஃபெயிலாயிடுவா. முடியலைன்னு சொன்னாத்தான் அவ பாஸு."

"அம்மா, பாஸ் ஃபெயிலே வேணாம்னுதானே இவ்வளவு பாடுபட்டோம்," என்றேன் தெருவில்.

"நீ உன் பாஷையில சொல்லிக்கோ. அவங்களுக்குப் புரியற பாஷையில நான் சொல்றேன்," என்று அடுத்த கதவைத் தட்டினாள்.

புது ஆப் ஓடிய முதல் காலை, நாங்கள் மூன்று பேரும் நர்ஸ் அக்காவின் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் அது சும்மா கிடந்தது. என்ஜினியர் நகத்தைக் கடித்தான். பிறகு அடித்தது. நர்ஸ் அக்கா பேசினார். தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறதாம். வைப்பதற்குள் அடுத்தது. அதற்கு மேல் ஒன்று. தலைவலி, கண் மங்குகிறது என்றாள் ஒருத்தி. அவளை அப்போதே மருத்துவமனைக்கு அனுப்பினார். ஒருத்திக்கு உடம்பில் ஒன்றுமில்லை. மூன்று நாளாக அழுகை நிற்கவில்லை, யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்றாள். அவளோடு அக்கா வெகுநேரம் பேசினார்.

"ஒரு டீ குடிக்க விடறாளுங்களா பாரு," என்று எங்களிடம் சலித்துக்கொண்டார். அந்த மாதிரி வாயெல்லாம் பல்லாகச் சலித்துக்கொள்கிற மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை.

பெரிய டாக்டரம்மா அன்று சாயங்காலம் கூப்பிட்டார். "கண் மங்கலா இருக்குன்னு ஒரு பொண்ண அனுப்பினீங்களே, பிரஷர் எகிறியிருக்கு. நல்ல நேரத்துல வந்துட்டா. பேனா எடுத்துட்டு வாங்க," என்றார். நிர்வாகியும் கையெழுத்துப் போட்டார். விளம்பரத்தில் போட ஒன்றுமில்லையே என்று மட்டும் வருத்தப்பட்டார். இப்போது அவர் வார்டு தாண்டி, நான் பார்த்தே இராத ஊர்களில் எங்கள் ஆப் ஓடுகிறது. டயர் கடை மேலே இடம் போதாமல் பக்கத்து மாடியையும் எடுத்திருக்கிறோம். முதல் தலைமுறைப் பட்டதாரி, சாதனைப் பெண் என்றெல்லாம் மேடையில் கூப்பிடுகிறார்கள். நல்ல கோபக்காரி என்று மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை.

போன வாரம் அண்ணன் வேலை முடிந்து வந்தவன், சாப்பிடக்கூட உட்காராமல் அண்ணியைத் தேடி அடுக்களைக்குப் போனான். ஒரு பெரிய அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதாம். கீழே நின்று திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் டை கட்டிய ஒரு ஆளுக்குப் போன் வந்திருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான்.

"'யாரு பேசறது, பெத்தவங்களா, வேற ஆளா'ன்னு உன் குரலு," என்றான் அண்ணன். "அந்த ஆளு, 'அவ மேல இருக்கா, நல்லாத்தான் இருக்கா'ங்கறான். நீ விட்டியா? 'வேற ஆளுன்னா நீங்க பேச வேணாம், போன அவங்க கையில குடுங்க'ங்கற. லிஃப்ட் எப்பய்யா ஓடும்னு என்னைக் கேட்டான். ஒரு மணி நேரம் ஆகும்னேன். படியப் பார்த்தான், போனப் பார்த்தான். அப்புறம் ஏறினான் பாரு ஓட்டமா."

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"அது என் பொண்டாட்டி குரலுன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு."

"சொல்லியிருக்க வேண்டியதுதானே."

"எங்க நின்னான்? அதுக்குள்ள நாலாவது மாடி."

அண்ணி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "அவங்க கையில குடுத்தானா இல்லியான்னு கேட்டுட்டு வந்தீங்களா?"

"கேட்டேன்," என்றான் அண்ணன். "லிஃப்ட் சரியானதும் முதல் வேலையா மேல போய்ப் பெத்தவங்களையே கேட்டுட்டுத்தான் வந்தேன்."